எதிர்த்தூணில் ஒரு கண்ணாடி

வலியசாலையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில், சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரே ஒரு கண்ணாடி தொங்குகிறது. முகம் பார்க்கிற கண்ணாடிதான். ஒரு ஆளின் தலையும் தோளும் தெரிகிற அளவு. கீழ்மூலையில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. ஓரமெல்லாம் ரசம் கறுத்துப்போனதால், அதில் முகம் பார்க்கிறவர்கள் எல்லாரும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள் போலத் தெரிவார்கள். அதை நான் அங்கே மாட்டிய நாளிலிருந்து என் மனைவி என்னை நம்புவதில்லை. அதற்கு முன்னால் நம்பினாள் என்று அர்த்தமில்லை. முன்பு பொதுவாக நம்பாமல் இருந்தாள். இப்போது குறிப்பாக நம்பாமல் இருக்கிறாள்.

"இங்க இருந்து பாத்தா அடுக்களை தெரியுமோ?" என்று முதல் நாளே கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் என்னை எழுப்பிவிட்டு என் நாற்காலியில் தானே உட்கார்ந்து பார்த்தாள். அடுக்களை தெரியவில்லை. வாசல் தெரியவில்லை. பக்கத்து வீட்டு மாடிகூடத் தெரியவில்லை. அவள் முகம்தான் தெரிந்தது. அதில் அவளுக்கு ஏமாற்றம்.

"பின்ன எதுக்கு இது?"

"என் அழகைப் பாத்துக்கிட்டே சாப்பிடத்தான்."

"அதுக்கு இவ்வளவு பெரிய கண்ணாடி வேண்டாமே" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. பல வருஷங்களுக்கு முன்பு சாலைக் கடைத்தெருவில் ஒரு மனிதரை நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அதுவும் இதே கண்ணாடிக்காக.

மாட்டியதற்கு உண்மையான காரணம் எங்கள் மகள். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அங்கேயே சிநேகிதிகளோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். பஸ் ஏறினால் வந்துவிடக்கூடிய தூரத்தை அவள் துபாய் தூரமாக்கி வைத்திருக்கிறாள். ஒரு நாள் வந்து மேசையில் உட்கார்ந்து, ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை. வாயெடுத்ததை அவள் தண்ணீரோடு விழுங்கிவிட்டாள். பிறகு கிளம்பும்போது சொன்னாள்: "அப்பா, நீங்க பஸ் கிடைச்சுதான்னு கேட்டாக்கூட, உங்க முகம் எந்த பஸ், யாருகூடன்னு கேக்குது. போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கிற மாதிரி ஆயிடுது, கேட்டோ." நான் எப்போதும் விளையாட்டாகத்தானே கேட்கிறேன் என்றேன். "அதான் கஷ்டம். சிரிச்சுக்கிட்டே கேக்கிற போலீஸ்" என்றாள். அன்று அவள் விழுங்கியது என்னவென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வெறியை அடக்கிக்கொண்டு, பார்த்ததும் அதை அவளாகச் சொல்லக்கூடிய ஒரு முகம் எனக்கு வேண்டும் என்று யோசித்தபோதுதான், பரணில் பழைய பெட்ஷீட் சுற்றிக் கிடந்த மேனேஜர் அண்ணாச்சியின் கண்ணாடி நினைவுக்கு வந்தது.

அண்ணாச்சி நான் வேலைபார்த்த புடவைக்கடையின் மேனேஜர். நாகர்கோவில் பக்கத்துக்காரர். முதலாளி வருவதும் போவதுமாக இருப்பார்; கடை என்றால் எங்களுக்கு அண்ணாச்சிதான். ஆள் கெட்டவர் அல்ல. முகம்தான் கெட்டது. மகிழ்ச்சி, பசி, தலைவலி எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே முகம்தான் இருந்தது. அது கோபத்துக்காகத் தைத்தது. இரண்டு புருவங்களும் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும். கீழுதடு முன்னே வரும். முகம் முதலில் போய்ச் சேரும், வார்த்தை பின்னாலேயே வரும். ராக் முழுவதையும் இறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்துபோகிற பெண்களிடம், "வேண்டாங்கிறத வாசல்லயே சொல்லியிருந்தா எங்க ஆளுக்கு இடுப்பு மிச்சமாயிருக்குமே" என்பார். சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயம் கேட்பதற்காக யாரும் புடவைக்கடைக்கு வருவதில்லை.

இங்கே ஒரு விஷயத்தை உங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு அது கடைசியில்தான் தெரிந்தது. தெரியாமல் நாங்கள் அடித்த கூத்தை நீங்கள் தெரிந்துகொண்டே பார்க்கலாம். அண்ணாச்சிக்கு ஒரே மகள். நெய்யாற்றின்கரையில் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் உண்டாகியிருப்பதைச் சொல்ல நேரில் ஓடிவந்திருக்கிறாள். அண்ணாச்சி வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி, "இத்தன நாள் ஏன் சொல்லல? டாக்டர்ட்ட காட்டினியா இல்லியா?" என்பது. கேள்வியைவிட முகம் பெரிதாக இருந்திருக்கிறது. அந்தப் பெண் போட்டுவந்த செருப்பைக் கழற்றாமலேயே திரும்பிவிட்டாள். "தலைப்பிரசவத்துக்கு இந்த வீட்டுக்கு நான் வரலப்பா. உங்க மூஞ்சிய ஒரு தடவை நீங்களே பாருங்க. பாத்துட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வரவில்லை என்றால் தெருவில் யாருக்கும் காரணம் சொல்லி முடியாது. அதைவிட, வீட்டுக்குள் அவர் மனைவிக்குச் சொல்லி முடியாது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அழைத்துவர வேண்டும். அதற்குள், ஐம்பதைத் தாண்டிய ஒரு முகத்தை அவர் மாற்றியாக வேண்டும்.

அண்ணாச்சி எதையும் சொன்னபடி செய்கிறவர். பார் என்று சொன்னார்கள். பார்ப்பதற்கு ஏற்பாடு செய்தார்.

எங்கள் கடையில் இரண்டு பக்கமும் வெள்ளை விரிப்புப் போட்ட மேடைகள். நாங்கள் அதில் உட்கார்ந்து புடவை விரிப்போம். கடையின் கடைசியில், வாசலைப் பார்த்து, கொஞ்சம் உயரத்தில் அண்ணாச்சியின் இருக்கை. நடுவில் ஒரு தூண். அந்தத் தூணில் வாசல்பக்கம் பார்த்து இருந்த கண்ணாடியை ஒரு நாள் காலையில் கழற்றி, மறுபக்கம், தன் இருக்கைக்கு நேராக மாட்டச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. மாட்டி முடித்ததும் இருக்கையில் உட்கார்ந்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, ஆணியைக் கொஞ்சம் இறக்கச் சொல்லி, மறுபடி ஆட்டிப் பார்த்து, "செரி" என்றார். அன்றைக்கு எங்கள் நிம்மதி போயிற்று.

புடவைக்கடையில் கண்ணாடி இருப்பது வாங்குகிறவர்களுக்காக என்று நினைப்பவர்களுக்கு எங்கள் தொழில் தெரியாது. விற்கிறவன் வாங்குகிற பெண்ணின் முகத்தை நேராகப் பார்க்கவே கூடாது. நேராகப் பார்த்தால் அவள் உடனே விலை பேசுகிற முகத்தை எடுத்துப் போட்டுக்கொள்வாள். முந்தியைத் தோளில் போட்டு அவளைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட வேண்டும். அங்கே அவள் தன்னை மட்டும் பார்ப்பாள். மறைக்க மறந்துபோவாள். நாங்கள் பக்கவாட்டில் நின்றுகொண்டு கண்ணாடிக்குள் அவள் கண்ணைப் படிப்போம். ஒரு பக்கம் திரும்பிப் பார்த்தால் யோசிக்கிறாள். மறு பக்கமும் திரும்பினால் பில்லுக்குச் சொல்லிவிடலாம். எதிராளிக்குத் தெரியாமல் எதிராளியைப் பார்ப்பதற்குத்தான் கண்ணாடி என்று பழகிய கூட்டம் நாங்கள். அப்படிப்பட்டவர்களின் தலைக்கு நேரே ஒருவர் கண்ணாடியைத் திருப்பி மாட்டினால் என்ன நினைப்போம்? ஒருவர் தன்னைப் பார்ப்பதற்காகக் கண்ணாடி மாட்டுவார் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. ஊரில் ஒரு குழந்தைக்குத் தோன்றியிருக்கும்.

"தம்பீ, சார் நம்மள்ல ஒருத்தரைக் களையப் போறார். யாருன்னு கண்ணாடில பாத்து வெக்கிறார். எனிக்கு உறப்பாணு" என்றார் பில் போடுகிற சேச்சி. அவருக்கு எதுவுமே உறுதியாகத்தான் தெரியும். களையப்படப் போவது நான்தான் என்று எனக்கும் உறுதியாகத் தெரிந்தது. கிழக்கேகோட்டையில் புதிதாக வரப்போகிற ஒரு பெரிய கடையில் அந்தச் சமயம்தான் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைத் திறந்தபடியே தூங்குகிற திறமையும் எனக்கு இருந்தது. இரண்டில் எதைக் கண்ணாடி காட்டிக்கொடுத்தது என்பதுதான் தெரியவில்லை. அன்றுமுதல் தூங்குவதை விட்டேன். வியாபாரம் கூடியது. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அடுத்தது மடிப்பு. கோபம் வர வேண்டிய இடத்தில் அண்ணாச்சி வாய் திறக்காமல், பக்கத்தில் குவிந்திருக்கும் புடவைகளில் ஒன்றை எடுத்து விரித்து மடிக்க ஆரம்பித்தார். மடித்து முடித்துவிட்டுத்தான் பேச்சு. ஒரு புடவையை ஒழுங்காக மடிக்க எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் எதிரே நிற்பவன் நிற்க வேண்டும். நாங்கள் மடித்து வைத்ததை அவர் பிரித்து மடிக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? மடிப்புக்குள் எதையாவது ஒளித்துக் கடத்துகிறோமா என்று தேடுகிறார். வேறென்ன? நான் கூர்ந்து கவனித்ததில் இன்னொன்றும் பிடிபட்டது. கஞ்சி போட்ட பருத்திப் புடவை கையில் கிடைத்த நாளில் அவர் சாந்தமாகப் பேசினார். அது முரண்டுபிடிக்கும்; ஓரத்தோடு ஓரம் சேர்த்து, தட்டி, நீவி, அழுத்த வேண்டும்; முடிப்பதற்குள் யாருக்கும் கோபம் ஆறிவிடும். சிந்தெடிக் கிடைத்தால் போச்சு. அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு மடிந்துவிடும். துணி முடிந்திருக்கும், கோபம் அப்படியே இருக்கும். அன்றைக்கு எங்களுக்கு அர்ச்சனை உண்டு. இதைக் கண்டுபிடித்த பிறகு, அவர் கைக்கெட்டும் இடத்தில் பருத்தியாகக் கொண்டுபோய் அடுக்கிவிடுவது என் வழக்கமாயிற்று. கருணையால் அல்ல, தற்காப்புக்காக.

எல்லாவற்றிலும் மோசமானது, ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, "லே, சாப்பிட்டியா?" என்று கேட்டது. அத்தனை வருஷத்தில் அவர் எங்களிடம் அப்படிக் கேட்டதில்லை. சொல்லும்போது அவர் கண் என்மேல் இல்லை; தூண்பக்கம் இருந்தது. உதட்டை இரண்டு பக்கமும் இழுத்து ஏதோ செய்தார். பல்வலியோ என்று பார்த்தேன். சிரிப்பு. நான் நேராகச் சேச்சியிடம் போய், "எனக்கு நாள் குறிச்சாச்சு" என்றேன். பலியிடுகிற ஆட்டைத்தான் அப்படி விசாரிப்பார்கள்.

ஒரு நாள் அவர் வங்கிக்குப் போயிருந்தபோது நான் துணிந்து அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். அங்கிருந்து எங்கள் மேடை எவ்வளவு தெரிகிறது, எந்தக் கோணத்தில் உட்கார்ந்தால் தப்பலாம் என்று அளந்துகொள்வது திட்டம். பார்த்தேன். மேடை தெரியவில்லை. ராக் தெரியவில்லை. கண்ணாடிக்குள் ஒருவன் திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தான். கழுத்தை முன்னே நீட்டி, கண்ணை இடுக்கி, உலகத்தில் யாரையும் நம்பாத ஒரு மூஞ்சி. இவனை எந்தக் கடையில் வேலைக்குச் சேர்ப்பார்கள் என்று நினைத்த பிறகுதான் அது நான் என்பது உறைத்தது.

"என்னலே தெரியுது?"

அண்ணாச்சி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் குதித்து இறங்கினேன். "ஒண்ணும் தெரியல அண்ணாச்சி. என் மூஞ்சிதான்."

"எனக்கும் அதாம்லே தெரியுது" என்றார். புருவங்கள் முட்டப் போயின. கை பக்கத்துக் குவியலுக்குப் போயிற்று. நல்லவேளை, பருத்தி. மடித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "என் மூஞ்சி ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு, கேட்டியா. எனக்கு மட்டும் தெரியல. போய் வேலயப் பாரு."

இதற்குப் பிறகாவது சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். அது இடம் மாறியது, அவ்வளவுதான். நம்மைப் பார்க்கவில்லை என்றால், இந்த வயதில் ஒரு மனிதர் நாள் முழுவதும் தன்னையே ஏன் பார்த்துக்கொள்கிறார்? சேச்சி இரண்டாம் கல்யாணம் என்றார். எதிர்க்கடைக்காரர் சினிமா ஆசை என்றார். நான் இரண்டையும் சேர்த்து மூன்றாவதாக ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுதினால் என் மனைவி படித்துவிடுவாள்.

ஓணக் கூட்டம் வந்தது. மூச்சுவிட இடமில்லாத நாட்கள். அப்படி ஒரு நாள், நான் முன்பு பார்த்திராத கர்ப்பிணிப் பெண் ஒருத்தி தனியாக வந்து என் எதிரே உட்கார்ந்தாள். நல்ல வயிறு. ஓணச் சமயத்தில் வயிற்றில் திருட்டுப் புடவையைச் சுற்றிக்கொண்டு போகிற கூட்டம் ஒன்று உண்டு என்று எங்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். எனவே நான் வயிற்றின்மேல் ஒரு கண் வைத்தேன். இன்னொரு கண்ணால் புடவை விரித்தேன். அவள் எதையும் பார்க்கவில்லை. "அது, இது" என்று கை மட்டும் காட்டினாள். எங்கள் மேடையில் வாடிக்கையாளருக்காக ஒரு சாய்வுக் கண்ணாடி உண்டு. அதை மெல்லத் திருப்பினாள். தன் பக்கம் அல்ல, கடையின் பின்பக்கம். நான் தலையைச் சாய்த்து அவள் பார்க்கிற இடத்தைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

கிழக்கேகோட்டைக் கடையின் ஒற்றர் என்று முடிவுகட்டினேன். வேவு பார்க்க வயிற்றைக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். சாமர்த்தியசாலிகள், அங்கே போய்ச் சேர்ந்தால் முன்னுக்கு வரலாம் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி முன்னால் ஒருவர் வந்து நின்று ஓணத்துக்குப் பெண்கள் உடுத்துகிற ஒரு செட்டுமுண்டை உதறினார். நடுவில் மஞ்சளாகப் பெரிய கறை. சாம்பார் என்று எங்கள் மேடைவரை வாசனை சொல்லியது. "இது வாங்கும்போளே உண்டாயிருந்ததாக்கும்" என்றார் அவர், கூசாமல். மேடைகளில் எல்லாக் கைகளும் நின்றன. அண்ணாச்சியின் புருவங்கள் புறப்பட்டன. கீழுதடு வந்தது. கை குவியலுக்குப் போயிற்று. ஓணக் கூட்டத்தில் என்னால் பருத்தி அடுக்க முடியவில்லை, கிடைத்தது சிந்தெடிக். "தீர்ந்தது" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

"என்ன தீர்ந்தது?" என்றாள் எதிரே இருந்தவள், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கோவம் வந்தா எங்க மேனேஜர் புடவை மடிப்பாரும்மா. பருத்தின்னா ஆறிடும். இது சிந்தெடிக். ஆறாது."

"எப்பவுமே இப்படித்தானா?"

"எங்கேம்மா! முன்னல்லாம் நேரா வாய்தான். இந்த நாலஞ்சு மாசமா மடிக்கிறார், சிரிக்கிறார், சாப்பிட்டியான்னு கேக்கிறார். ஏதோ உள்ள திட்டம் இருக்கு. எங்களுக்கெல்லாம் சந்தேகம்."

"எனக்கும் அதே சந்தேகந்தான்" என்றாள்.

அங்கே துணி மடிந்துவிட்டது. அண்ணாச்சி நிமிர்ந்தார். எதிரே தூணைப் பார்த்தார். பிறகு, நாங்கள் யாரும் எதிர்பாராதபடி, மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். மறுபடி பிரித்தார். கடைசியில் வாயைத் திறந்து, "செரி, மாத்தித் தரலாம். அடுத்த தடவை வாங்கும்போ நாம ரெண்டுபேருமாச் சேந்து வெளிச்சத்துல பாத்துருவோம், என்ன?" என்றார். பின்னாலேயே அந்தச் சிரிப்பு. அதைப் பார்த்துச் சாம்பார்க்காரர் ஓரடி பின்வாங்கினார்.

எனக்கு எதிரே இருந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்ணாடியில் படிக்க முயன்றேன். இத்தனை வருஷத் தொழில் அன்று கைகொடுக்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நல்ல கஞ்சி போட்ட பருத்தி ஒண்ணு எடுங்கண்ணே. ரெண்டு அலசு அலசினா தொட்டில் கட்ட ஆகணும்."

பில்லுக்குப் போனபோதுதான் சேச்சி அவளைப் பார்த்தார். "ஐயோ, மோளே! நீயா!" என்று கத்தியது வாசல்வரை கேட்டது. அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், வாசலில் நெரிகிற ஓணத் தெருவைப் பார்த்தார். புருவங்கள் முட்டிக்கொண்டன. "இந்தக் கூட்டத்துல பஸ்ஸிலயா வந்..." என்று ஆரம்பித்தார்.

அவள் பையிலிருந்து அந்தப் பருத்திப் புடவையை எடுத்து, உதறி விரித்து, அவர் முன்னால் போட்டாள்.

அண்ணாச்சி அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு மடிக்க ஆரம்பித்தார். புதுக் கஞ்சி, நன்றாகவே முரண்டுபிடித்தது. ஓரத்தோடு ஓரம் சேர்த்தார். தட்டினார். நீவினார். ஓணக் கடை மொத்தமும் ஒரு புடவை மடிகிற வரைக்கும் காத்து நின்றது. கடைசி மடிப்பை உள்ளங்கையால் அழுத்தி, அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, தூணைப் பார்க்காமல் அவளையே பார்த்து, பெற்ற பிள்ளையை அழைக்கிற தன் ஊர்ப் பேச்சில் கேட்டார்: "சாப்பிட்டியா மக்களே?"

வளைகாப்பு முடிந்து அவள் தாய்வீடு வந்தாள். பெண் குழந்தை. அந்தப் புடவையில்தான் தொட்டில். அண்ணாச்சி முழுக்க மாறிவிட்டார் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. அடுத்த வருஷமே என்னை ஒரு முழு மத்தியானம் திட்டியிருக்கிறார், அதில் பாதி நியாயம். ஆனால் எனக்கு இன்றுவரை ஒரு சந்தேகம் தீரவில்லை. எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. கண்ணாடிக்குள் எனக்கு ஒருவர் தெரிந்தால் அவருக்கும் நான் தெரிவேன். என் மேடையின் சாய்வுக் கண்ணாடியில் மகளுக்கு அப்பா தெரிந்தார். அப்படியானால் அப்பாவுக்கு மகள்? இரண்டாம் முறை அந்தச் சிந்தெடிக்கைப் பிரித்தது கோபத்தை ஆற்றவா, அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தா? பின்னாளில் குழந்தையோடு கடைக்கு வந்தபோது அவளிடமே இதைக் கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. "தெரிஞ்சுதான் நடிச்சிருப்பாரோ என்னமோண்ணே" என்றாள். "எனக்காக நடிக்கவாவது செஞ்சாரே. முன்னாடி அதுகூடக் கிடையாது."

நான் கிழக்கேகோட்டைக்குப் போகவில்லை. அண்ணாச்சி ஓய்வு பெற்றுப் போனபின் அந்த இருக்கையில் வெகுநாள் இருந்தேன். கடையைப் புதுப்பித்தபோது மூலைக்கு மூலை கேமரா வைத்தார்கள். நாங்கள் அன்று வீணாகச் சந்தேகப்பட்டதெல்லாம் அப்படியே பலித்தது, ஒருவரும் அலட்டிக்கொள்ளவில்லை. கழற்றிப்போட்ட கண்ணாடியை நான் ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் ஆட்கள் என்னை வெறித்துப் பார்ப்பதாக நினைத்தேன். அவர்கள் தங்களைப் பார்த்துத் தலை கோதிக்கொண்டிருந்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். துவைத்துக் காயவைத்த துணிகளைப் பெரிய பையில் அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். அம்மா மடித்துத் தருவாள் என்ற நம்பிக்கை. மேசையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது எந்தாப்பா? சிசிடிவியா?"

"நான் என்னைப் பாத்துக்க மாட்டினது."

"உறப்பா?"

"உங்கம்மா சோதிச்சுப் பாத்தாச்சு. கேட்டுக்கோ."

அவள் தட்டில் தோசை வந்தது. எனக்கு வாயில் வரிசையாகக் கேள்விகள் வந்து நின்றன. ஏன் இத்தனை நாள் வரவில்லை, கண்ணுக்குக் கீழே ஏன் கறுப்பு, ஃபோனை ஏன் கவிழ்த்து வைத்திருக்கிறாய். நிமிர்ந்து பார்த்தேன். எதிரே அந்தப் பழைய ஆள் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தான். நரைத்திருந்தான்; முழி மட்டும் அதே முழி. கை தானாக நாற்காலி முதுகில் கிடந்த துண்டுக்குப் போனது. எடுத்து மடித்தேன். துண்டு என்ன நேரம் தாக்குப்பிடிக்கும்? முடிந்துவிட்டது. பிரித்து மறுபடி மடித்தேன்.

"அம்மா, அப்பாக்கு என்னாச்சு?" என்றாள் அவள் உள்ளே பார்த்து.

"என்னமோ திட்டம் இருக்கு. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

மகள் கொஞ்ச நேரம் என்னையே உற்றுப் பார்த்தாள். பிறகு அந்தப் பெரிய பையை இழுத்து என் மடிக்குப் பக்கத்தில் வைத்தாள். "மடிக்கணும்னா இதையும் மடிங்க." நான் மேலாக இருந்ததை எடுத்தேன். சுடிதார் துப்பட்டா, வழுக்கியது. அடியில் கைவிட்டுத் துழாவி ஒரு பருத்திச் சட்டையைக் கண்டுபிடித்தேன். தோளோடு தோள் சேர்த்தேன். கையை உள்ளே மடக்கினேன். நீவினேன். அவள் தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

"அப்பா, ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள்.

கண்ணாடியில் இருந்தவன் சட்டென்று நிமிர்ந்தான். அவனை எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியும். துளிகூட நம்ப முடியாத ஆள். "சொல்லும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பைக்குள் கையைவிட்டு அடுத்த துணியை எடுத்தேன்.